படகின் எஞ்சின் அறைக்குப் புதுத் தரை

டீசல் வடிகட்டியை மாற்ற எஞ்சின் அறைக்குள் இறங்கினேன். வலது கால் வைத்த இடத்தில் பலகை சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. மடாரென்று முறிந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தேத்தண்ணியில் ஊறிய ரொட்டிக்குள் விரல் இறங்குவதுபோலக் கால் இறங்கியது. கெண்டைக்கால்வரை கறுப்பு எண்ணெய்த் தண்ணீர். காலை இழுத்து எடுத்தேன், செருப்பு வரவில்லை. அந்தச் செருப்பைத் தேடப் போனதில் ஆரம்பித்த வேலை ஐந்து வார இறுதிகளைத் தின்றது.

படகு 26 அடி, மரப் படகு. நானும் மச்சானும் பாதிப் பாதி போட்டு ஒரு சீன மீனவரிடமிருந்து ஆறு வருஷத்துக்கு முன்பு வாங்கினோம். ஊத்தான் மெலிந்தாங்கில் பெர்ணம் ஆற்றங்கரை ஜெட்டியில் கட்டிக் கிடக்கும். அக்கரை சிலாங்கூர், இக்கரை பேராக். ஞாயிற்றுக்கிழமை ஆற்று இறால் பிடிக்கப் போவோம், கிடைக்காத நாளில் சும்மா ஒரு சுற்று. உள்ளே இரண்டு சிலிண்டர் யன்மார் டீசல் எஞ்சின். நான் செம்பனை ஆலையில் பிட்டர் என்பதால் எஞ்சின் பக்கம் எந்தக் குறையும் வைக்கவில்லை. எண்ணெய், வடிகட்டி, பெல்ட் எல்லாம் நாள் குறித்து மாற்றுவேன். அந்த எஞ்சினைப் பார்க்க எதன்மேல் நின்றேனோ, அதை மட்டும் ஆறு வருஷமாகக் குனிந்து பார்க்கவில்லை.

மேலே பார்த்தால் பழுப்புச் சாயம் நன்றாகத்தான் இருந்தது. ஸ்குருடிரைவர் முனையால் ஒரு சாண் இடைவெளியில் குத்திக்கொண்டே போனேன். எஞ்சினுக்கு முன்னால் குறுக்கே கிடந்த பலகை முழுதும் போச்சு. இடது பக்கப் பலகை பாதி. வலது பக்கம் தேறும்போலத் தெரிந்தது. சுத்தியின் காம்பால் தட்டினால் நல்ல மரம் 'டக்' என்கும், இற்ற மரம் 'தொப்' என்கும். வலது பலகையில் இரண்டும் மாறி மாறிக் கேட்டது. பாதியை வைத்துப் பாதியை மாற்றலாமா என்று மச்சான் கேட்டான். பழைய பம்ப்பில் ஒரு பேரிங்கை மட்டும் மாற்றி, மறு மாதமே மறுபடி பிரித்த கதையெல்லாம் ஆலையில் நிறையப் பார்த்தாயிற்று. மொத்தமாகக் கழற்றுவது என்று முடிவு.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றி, டீசல் குழாயை அடைத்தேன். பிறகு கைப்பேசியில் படம், எல்லாக் கோணத்திலும். ஒவ்வொரு பலகையிலும் சாக்பீஸால் எண்ணும், முன்பக்கம் எது என்று ஓர் அம்புக்குறியும். இதைச் செய்யாமல் தொடங்காதீர்கள். படகுக்குள் எந்த மூலையும் சதுரம் இல்லை. இடது பலகையும் வலது பலகையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், மாற்றி வைத்தால் இரண்டு விரல்கடை இடிக்கும்.

ஸ்குருக்கள் சோதித்துவிட்டன. எவரோ பித்தளை ஸ்குரு போட்டிருந்தார்கள். மஞ்சளாக இருக்க வேண்டியது இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. உப்புத்தண்ணீரில் பித்தளைக்குள் இருக்கும் துத்தநாகம் கரைந்து போய்விடும், செம்பு மட்டும் பஞ்சுபோல மிஞ்சும். ஸ்குருடிரைவரை வைத்துத் திருகியதும் தலை தனியாக வந்துவிடுகிறது. இருபத்திரண்டில் ஐந்துதான் முழுசாக வந்தன. மற்றவற்றை நெம்புகோலால் பலகையோடு பெயர்த்தேன். இற்ற மரமாக இருந்ததில் அந்த ஒரு வசதி.

பலகையைத் தூக்கியதும் அடிப்பள்ளம். படகுக்காரர்கள் பில்ஜ் என்பார்கள். எண்ணெய், சேறு, பழைய மரத்தூள், மூன்று நட்டு, ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர், என் செருப்பு. விலா மரங்களின் அடியில், தண்ணீர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஓடச் சின்னத் துளைகள் இருக்கும். அத்தனையும் அடைத்துக்கொண்டிருந்தன. பம்ப் பின்னால் இருக்கிறது, தண்ணீர் முன்னால் தேங்கிக் கிடக்கிறது. மிதவை மேலே வரவே இல்லை, பம்ப்புக்குத் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை. இத்தனை வருஷமாக 'நம்ம படகு ஒழுகாது' என்று நாங்கள் பெருமை பேசிக்கொண்டிருந்தது இதை நம்பித்தான்.

அந்த எண்ணெய்த் தண்ணீரை அப்படியே ஆற்றில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 27ஆம் பிரிவு நம் நீர்ப்பரப்பில் எண்ணெய் விடுவதைத் தடை செய்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதே ஆற்றில்தான் இறாலுக்குத் தூண்டில் போடுகிறோம். இரும்புக் கடைத் தவுக்கேயிடம் எண்ணெய் உறிஞ்சும் துணி கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, வீட்டில் பழைய கெக்காபு தலையணை இல்லையா என்று திருப்பிக் கேட்டார். இலவம் பஞ்சு தண்ணீரை ஒட்டவிடாது, எண்ணெயை மட்டும் குடிக்கும். ஒரு தலையணையைப் பிரித்து வெங்காயச் சாக்கில் கட்டி பில்ஜில் போட்டு ஒரு ராத்திரி விட்டேன். காலையில் சாக்கு கறுப்பு, தண்ணீர் கிட்டத்தட்டத் தண்ணீர். பிழிந்த எண்ணெயை டின்னில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்தேன். ஆலையில் அதற்கு எஸ்.டபிள்யூ. 305 என்று கழிவு எண் ஒட்டி, பூட்டிய கொட்டகையில் வைப்போம். வீட்டில் அது வெறும் பழைய டின்.

தலையணை யாருடையது என்பது வேறு விவகாரம். அதை இங்கே பேச வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகுதான் ஆசாரி மாமாவை அழைத்துவந்தேன். எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்து ஓய்ந்தவர். லயத்து வீட்டுக் கதவிலிருந்து கோயில் சப்பரம்வரை அவர் கை படாதது கிடையாது. படகில் ஏறமாட்டேன் என்று ஜெட்டியிலேயே நின்றுகொண்டார். பலகையை மேலே தூக்கிக் காட்டச் சொன்னார். காட்டினேன். திருப்பச் சொன்னார்.

"மேல மூணு கோட்டு சாயம் அடிச்சிருக்கான். கீழ ஒண்ணுகூட இல்ல பாத்தியா?"

உண்மைதான். அடிப்பக்கம் வெறும் மரம். அறுத்த விளிம்புகளும் அப்படியே. மேலிருந்து சாயம் மூடிவிட்டது, கீழிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருந்தது, ஏறிய ஈரத்துக்கு வெளியேற வழி இல்லை.

"ஆத்துத் தண்ணியாலதானே மாமா?"

"உப்புத்தண்ணி மரத்த அவ்வளவு சீக்கிரம் திங்காதுப்பா. இது மழத்தண்ணி. எங்கேயோ மேல இருந்து சொட்டுது. தேடு."

அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் முழுசாக உறைத்தது. மரத்தை இற வைப்பது தண்ணீர் இல்லை, பூஞ்சை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது பிழைக்காது. முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கிய மரத்திலும் காற்று இல்லாததால் தங்காது. உப்பு அதற்கு ஆகாது. மழைத்தண்ணீர், எஞ்சின் சூடு, அடைபட்ட காற்று மூன்றும் சேர்ந்த இடம் அதற்கு மாமியார் வீட்டு விருந்து. எஞ்சின் அறையின் தரையைவிடப் பொருத்தமான இடம் படகில் வேறு இல்லை. அதனால்தான் தண்ணீரிலேயே கிடந்த, செங்கால் என்ற கெட்டி மரத்தாலான அடிமரம் கல்போல இருக்க, தண்ணீருக்கு ஒன்றரை அடி மேலே இருந்த பலகை ரொட்டியாகிப் போனது.

எஞ்சின் அறை மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. இதுதான் என்று முடிவுகட்டி 28 வெள்ளிக்குப் புது ரப்பர் வாங்கி ஒட்டினேன். அந்த முடிவு தப்பு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி மரம். பலகையைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் நான்கும் முனைகளில் இற்றிருந்தன. அவற்றுக்குச் செங்கால்தான் வேண்டும் என்று மாமா அடம். தீபகற்ப மலேசியக் காட்டு மரம். காய்ந்த பிறகும் ஒரு கன மீட்டர் 900 கிலோவுக்குமேல் நிற்கும். திரங்கானுவில் பூலாவ் டூயோங் தச்சர்கள் படகு கட்டுவது இந்த மரத்தில்தான். ஆணி அடிக்காமல் மரமுளையால் பலகைகளைப் பிணைத்து, இடுக்கில் கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்குவார்கள். புதுச் செங்கால் விலையைக் கேட்டேன், கேட்டதோடு சரி. மாமாவின் வீட்டுப் பின்புறத்தில், இடித்த லயத்து வீட்டுத் தூண்கள் இரண்டு கிடந்தன. நாற்பது வருஷம் ஒரு குடும்பத்தின் கூரையைத் தாங்கிய மரம். ஆணித் துளைகளும், ஒரு பக்கம் சாமி படம் மாட்டிய இடத்தில் மஞ்சள் கறையும் இருந்தன. நான் பிறந்ததும் அதேமாதிரி ஒரு லயத்தில்தான். அறுக்கும்போது கொஞ்சம் தயங்கினேன். ரம்பம் என்னைவிட அதிகமாகத் தயங்கியது, இரண்டு பிளேடு போச்சு. வெளியே கறுத்துக் கிடந்தது, உள்ளே வெளிர் பழுப்பு. நேற்று வெட்டிய மரம்போல வாசம்.

பலகைக்கு மட்டும் பிளைவுட். மரைன் பிளைவுட், 18 மில்லிமீட்டர். இங்கேதான் கவனம் தேவை. டபிள்யூ.பி.பி. என்ற முத்திரை பசையைப் பற்றியது. தண்ணீரில் கொதித்தாலும் பசை பிரியாது என்று பொருள், உள்ளே இருக்கும் மரம் இறாது என்று பொருள் இல்லை. பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர விதி மரத்தின் தரத்தையும் சேர்த்துப் பேசும், உள் அடுக்குகளில் பொந்து இருக்கக் கூடாது என்று கேட்கும். கடையில் 'மரைன்' என்று சிவப்பு மையில் அடித்திருப்பதை எல்லாம் நம்ப முடியாது. விளிம்பை உற்றுப் பாருங்கள். அடுக்குக்கு நடுவே கறுப்புச் சந்து தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம். நான் தெலுக் இந்தானுக்குப் போய், சாய்ந்த கோபுரத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பலகைக் கடையில் ஆறு தாள் புரட்டி ஏழாவதை எடுத்தேன். 8க்கு 4 அடி, 210 வெள்ளி. முனையில் ஒரு துண்டு அறுத்துத் தரச் சொல்லி, வீட்டில் பழைய சோற்றுப் பானையில் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைத்தேன். அடுக்கு பிரியவில்லை. அந்தப் பானை இனி சமையலுக்கு ஆகாது என்று வீட்டம்மா அறிவித்துவிட்டார். தலையணைக் கணக்கோடு அதுவும் சேர்ந்தது.

சட்டங்களை விலா மரத்தில் பொருத்தும் வேலை ஒரு சனிக்கிழமை முழுக்க. படகு தண்ணீரில் மிதந்துகொண்டேதான் இருந்தது, கரையேற்றவில்லை. அதனால் பில்ஜை உலர வைப்பது தனிப் பாடு. எஞ்சினிலிருந்து சுழலிக்குப் போகும் ஷாஃப்ட் படகின் உடம்பைத் துளைத்து வெளியேறும் இடத்தில் ஒரு கிளாண்ட் இருக்கும். ஆலைப் பம்ப்புகளில் இருக்கும் அதே பேக்கிங் கயிறு, அதே நட்டு. ஓடும்போது சில சொட்டுத் தண்ணீர் அதில் கசியத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கிறது. நிற்கும் படகில் அந்தக் கசிவு எனக்கு இடைஞ்சல். நட்டை இறுக்கிச் சொட்டை நிறுத்தினேன். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பு மறக்காமல் தளர்த்த வேண்டும் என்று ஓர் அட்டையில் எழுதி எஞ்சின் சாவியில் கட்டினேன். அந்த அட்டை ஞாபகத்தில் இருக்கட்டும்.

செங்காலில் துளை போடாமல் ஸ்குரு ஏற்ற முயலாதீர்கள், தலை முறிந்துவிடும். செங்கால் பிசின் உள்ள மரம். மலாய்க்காரர்கள் டாமார் பெனாக் என்று சொல்லும் குங்கிலியம் இந்த மரத்தில் எடுப்பதுதான். பிசின்மேல் எபோக்சி நன்றாகப் பிடிக்காது. ஒட்டும் முகத்தை மணல்தாளால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, துடைத்த கையோடு பூசினேன். 316 தர எவர்சில்வர் போல்ட்டுகள். தண்ணீர் ஓடும் துளைகளுக்கு மேலே ஒரு விரல் உயரம் விட்டுத்தான் ஒவ்வொரு சட்டமும். பழைய ஆள் ஒரு சட்டத்தை நேராகத் துளையின்மேலேயே உட்கார வைத்திருந்தார், பாதி அடைப்பு அதனால்தான்.

பலகையை அறுக்கப் பழைய பலகையையே அச்சாக வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். இற்ற விளிம்பு எந்த அளவையும் உண்மையாகச் சொல்வதில்லை. குளிர்பெட்டி வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, படகின் வளைவுக்குப் பொருந்தும்வரை கத்தரித்து, அதை பிளைவுட்மேல் வைத்துக் கோடு போட்டேன். எல்லாப் பக்கமும் 4 மில்லிமீட்டர் சந்து. சாயத்தின் தடிப்புக்கு ஒன்று, ஈரத்தில் மரம் உப்புவதற்கு ஒன்று, மிச்சம் என் கை நடுக்கத்துக்கு. இந்தச் சந்து இல்லாவிட்டால் முதல் மழைக்காலத்திலேயே பலகை கவ்விக்கொள்ளும். பம்ப் அடைத்த ராத்திரியில் அதைத் தூக்க முடியாமல் பாராங் கத்தி தேடவேண்டி வரும். முன்பலகையை ஒரே துண்டாகப் போடாமல் இரண்டாக்கினேன். வடிகட்டி இருக்கும் பக்கம் மட்டும் தூக்கினால் போதும். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் நுழையும் துளை.

அறுத்த விளிம்புகளை உருட்டினேன், மேலும் கீழும். மாமா கற்றுக்கொடுத்தது இது. கூரான விளிம்பில் சாயம் நிற்காது, இரண்டு பக்கமும் வழிந்து நடுவே மெல்லிய தோலாகிவிடும், முதலில் வெடிப்பதும் அங்கேதான்.

அப்புறம் எபோக்சி. என் முதல் கலவை பாதி டப்பாவோடு வீணானது. ரெசின் இரண்டு பங்கு, ஹார்ட்னர் ஒரு பங்கு. கலக்கிய பிறகு 25 நிமிடம் வேலை செய்யலாம் என்று டின்னில் போட்டிருந்தது. அது 25 டிகிரிக்கு. நம் ஊரில் மதியம் 33. சூடு 10 டிகிரி ஏறினால் நேரம் பாதியாகும். அதோடு நான் அதை ஆழமான ஐஸ்கிரீம் டப்பாவில் கலக்கி வைத்துவிட்டு மச்சானிடம் பேசிக்கொண்டிருந்தேன். எபோக்சி இறுகும்போது தானே சூடாகும், ஆழமான டப்பாவில் அந்தச் சூட்டுக்கு வெளியேற வழி இல்லை. பத்து நிமிடத்தில் டப்பா கொழகொழத்துப் புகைய ஆரம்பித்தது. தூக்கி மணலில் எறிந்தோம். அடுத்த முறையிலிருந்து காலை ஏழு மணிக்கு, தட்டையான தகரத் தட்டில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கினேன்.

முதலில் அடிப்பக்கம். அதிலும் முதலில் அறுத்த விளிம்புகள். மரத்தின் நாளங்கள் அங்கேதான் வாய் திறந்து இருக்கும். பூசிப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் காய்ந்த மண்ணில் ஊற்றியதுபோல உறிஞ்சியிருக்கும், மறுபடி பூச வேண்டும். விளிம்புக்கு நான்கு கை, அடிப்பக்கத்துக்கு மூன்று, மேலே மூன்று. விரல் துளையின் உள்பக்கத்துக்கும் பூசினேன், ஆனால் சலிப்பில் இரண்டு கையோடு விட்டுவிட்டேன்.

ஈரக்காற்றில் காயும் எபோக்சியின் மேல் மெழுகுபோல ஒரு பிசுக்கு படியும். அதை அப்படியே மணல்தாளால் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், பிசுக்கு உள்ளே போய்விடும். வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும் போதும். கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு 120 நம்பர் தாள்.

சாயத்துக்கு வந்தால் மச்சானுக்குப் பச்சை வேண்டும். கோயில் திருவிழாத் தேர்மாதிரி இருக்கும் என்று சொல்லி மறுத்தேன். எஞ்சின் அறைக்கு என் ஓட்டு வெள்ளையை ஒட்டிய சாம்பல் நிறத்துக்குத்தான். ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் தெரியும், விழுந்த நட்டை டார்ச் இல்லாமல் தேடலாம். பழுப்புச் சாயம் அழுக்கைக் காட்டாது என்பதுதான் அதன் குற்றம். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் மீந்திருந்தது, அதை அடிக்கலாமே என்று தோன்றும். எபோக்சியின் மேல் சில எனாமல்கள் நாள் கணக்கில் காயாமல் ஒட்டிக்கொண்டே கிடக்கும். டீசல் பட்டால் மெதுவாகி உரியும். இரண்டு டின் கலந்து அடிக்கும் எபோக்சிச் சாயமே வாங்கினேன். வெயிலில் அது மாவுபோல உதிரும் என்பது அதன் குறை. எஞ்சின் அறைக்குள் வெயில் எங்கே வருகிறது?

பலகைகளை வீட்டு அஞ்சடி நடைபாதையில் செங்கல்மேல் வைத்து அடித்தேன். இரண்டாவது கை ஈரமாக இருக்கும்போதே, மீன்தொட்டிக் கடையில் வாங்கிய மெல்லிய மணலை டீ வடிகட்டியால் சலித்துத் தூவி, மூன்றாவது கையால் மூடினேன். எண்ணெய்க் காலோடு நின்றாலும் வழுக்காது. அதிகமாகத் தூவினால் முழங்கால் ஊன்றும்போது தோல் உரியும். அந்த அளவை முழங்காலில்தான் கற்றுக்கொண்டேன்.

பில்ஜுக்குள் அடிப்பதுதான் கடினம். பாத்திரச் சோப்பில் மூன்று முறை கழுவி, தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருளாமல் படரும்வரை தேய்த்தேன். பிறகு இரண்டு நாள் மின்விசிறி. தின்னர் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில்தான் தங்கும், நாம் தலையைக் கவிழ்த்து வைப்பதும் அதே பள்ளத்தில். தோட்டத்தில் உரம் போடும்போது கட்டும் துணி முகமூடி இதற்கு உதவாது, கரி வடிகட்டி போட்ட முகமூடி வேண்டும். மின்விசிறியை வெளியே வைத்துக் குழாய் வழியாக நல்ல காற்றை உள்ளே தள்ளினேன். கால் மணிக்கு ஒருமுறை மச்சான் மேலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவான், நான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல எரிச்சல் வந்தால் சாயத்தை நிறுத்திவிட்டு மேலே வர வேண்டும் என்பது ஒப்பந்தம்.

சனிக்கிழமை மாலை முடித்து, மூடியைப் போட்டுத் தார்ப்பாய் கட்டிவிட்டு வந்தோம். விடியற்காலை நாலரைக்குச் சுமத்ரா காற்றுமழை அடித்தது. மேற்குக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நீரிணையைத் தாண்டி வந்து, விடிவதற்குள் ஆட்டம் போட்டுவிட்டுப் போய்விடும். தார்ப்பாய் ஆற்றோடு போயிருந்தது.

மூடியைத் திறந்து பார்த்ததும் முதலில் வயிறு எரிந்தது. இடது பக்கம் புதுச் சாயத்தில் அம்மைத் தழும்புபோல வெள்ளை வெள்ளையாகச் சொட்டு விழுந்த தடம். பிறகுதான் கவனித்தேன். தழும்புகள் ஒரே நேர்கோட்டில் இருந்தன. நான் புது ரப்பர் ஒட்டிய விளிம்பின் கீழே ஒன்றுகூட இல்லை. கோடு கீல்களுக்கு நேர் கீழே. மூடியின் கீலைப் பிடித்திருக்கும் ஆறு போல்ட்டில் நான்கின் துளை வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. துளைக்குள் அடைப்பு எதுவும் இல்லை, அவ்வளவுதான். பழைய பலகை அதிகமாக இற்றிருந்ததும் அந்த நேர்கோட்டுக்குக் கீழேதான். 'தேடு' என்று மாமா சொன்னதை மழை தேடிக் கொடுத்தது.

போல்ட்டுகளைக் கழற்றி, துளையைப் பெரிதாக்கி, எபோக்சியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுக்குத் துளைத்து, சீலன்ட் தடவி மாட்டினேன். இப்போது போல்ட் வழியாக ஈரம் இறங்கினாலும் அது மரத்தைத் தொடாது. தழும்புகளைத் தேய்த்துத் திரும்ப ஒரு கை அடித்தேன். அதற்கு ஒரு வாரம் போச்சு.

பலகைகள் ஐந்தாவது வாரம் உட்கார்ந்தன. ஸ்குரு போடவில்லை. ஆடாமல் இருக்கத் திருகு தாழ்கள் மட்டும். எதையும் பிரிக்க ஒரு நிமிடம் போதும். மொத்தச் செலவு 696 வெள்ளி: பிளைவுட் 210, எபோக்சி 145, சாயம் 170, ஸ்குரு போல்ட் 58, ரப்பர் 28, தூரிகை கையுறை முகமூடி வகையறா 85. செங்கால் இலவசம். மாமா காசு வாங்கவில்லை, இறால் கிடைத்தால் கொடு என்றார்.

முதல் ஓட்டம். சாவியில் கட்டிய அட்டையை, படகை அலங்கோலமாகக் காட்டுகிறது என்று மச்சான் முந்தைய நாள் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். எனக்கும் மறந்துவிட்டது. ஜெட்டியை விட்டுப் பத்து நிமிடம் போயிருப்போம், தீய்ந்த மெழுகு வாசனை. மூடியைத் திறந்தால் புதுச் சாம்பல் தரையில் கறுப்பு கிரீஸ் பொட்டு பொட்டாகத் தெறித்துக் கிடந்தது. கிளாண்டைத் தொட முடியவில்லை. எஞ்சினை நிறுத்தி, ஆற்றுத்தண்ணீரை மொண்டு ஊற்றி, ஆறிய பிறகு நட்டைத் தளர்த்தினேன். சொட்டு வந்தது. மெதுவாகத் திரும்பினோம். பேக்கிங் கயிறு கருகிக் கண்ணாடிபோல இறுகியிருந்தது, மாற்றினேன். ஷாஃப்ட்டில் நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் எதுவும் இல்லை, தப்பித்தோம். பழைய பழுப்புத் தரையாக இருந்திருந்தால் அந்தக் கிரீஸ் எங்கள் கண்ணில் பட்டிருக்காது என்றேன். பச்சையிலும் தெரிந்திருக்கும் என்றான் மச்சான்.

இப்போது நான்கு மாதம். போன சனிக்கிழமை எல்லாப் பலகையையும் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் சுத்தம், தட்டினால் 'டக்'. முன்பலகையின் விரல் துளைக்குள், நான் இரண்டு கையோடு விட்ட இடத்தில், சாயம் ஒரு கொப்புளம் கட்டியிருந்தது. சுரண்டிப் பார்த்தேன், மரம் இன்னும் கெட்டி. வீட்டு அஞ்சடியில் அந்த ஒரு பலகை மட்டும் செங்கல்மேல் காய்ந்துகொண்டிருக்கிறது. ஈரம் போனதும் இந்தமுறை நான்கு கை.